அவருக்கென்றே ஓர் அட்டை: வாசகர் கேள்வி பதில்

மகளிர் தினம், அன்னையர் தினம், பிறந்தநாள், பணி ஓய்வு என்று காரணம் எதுவாக இருந்தாலும், தங்களை ஆளாக்கிய ஒரு பெண்ணுக்குத் தங்கள் கையாலேயே வாழ்த்து அட்டை செய்ய விரும்பும் வாசகர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் தாள், பசை, மடிப்பு பற்றியவை. ஆனால் அட்டையின் அழகைத் தீர்மானிப்பது முதல் கேள்விதான் என்பதால் அதற்கு முதலிடம்.

அத்தைக்கு அட்டை செய்து முடித்துவிட்டேன். உள்ளே என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. ‘நீங்களே என் முன்மாதிரி’ என்று எழுதினால் மேடைப் பேச்சாகிவிடுகிறது.

அந்த வரியில் உங்கள் அத்தை இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அதுதான் குறை. ஒரு பழைய தாளை எடுத்து, அவர் உங்களுக்காகச் செய்த ஐந்து காரியங்களை எழுதுங்கள். ‘பொறுமைசாலி’, ‘அன்பானவர்’ போன்ற குணங்கள் வேண்டாம்; செயல்கள் வேண்டும். ‘சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டே தெருக்கோடி வரை ஓடிவந்தீர்கள்.’ ‘கல்லூரிப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் விழித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வைத்தீர்கள்.’ இப்படி எழுதியதில், வேறு யாருக்கும் அனுப்ப முடியாத ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடுங்கள்.

அவர் செய்தது என்ன, அது இன்று உங்களுக்கு எங்கே கைகொடுக்கிறது என்று இரண்டே வாக்கியம் போதும். கைக்கடக்கமான அட்டையின் ஒரு பக்கத்தில் (10.5 செ.மீ. x 14.8 செ.மீ.) ஓரம் விட்டு, நிதானமான அளவில் எழுதினால் சுமார் 30 சொற்கள்தான் பிடிக்கும். பேச்சில் ‘நீ’ என்று அழைக்கும் அக்காவுக்கு அட்டையில் மட்டும் ‘தாங்கள்’ போடாதீர்கள். படிக்கும்போது உங்கள் குரல் அவர் காதில் விழ வேண்டும்.

அடுத்த முறை வாசகத்தை முதலில் எழுதிவிட்டு, பிறகு அட்டையைத் தொடங்குங்கள். முகப்பில் என்ன வரைவது என்ற குழப்பமும் அதிலேயே தீர்ந்துவிடும். சைக்கிள் சம்பவம் என்றால் முகப்பில் சைக்கிள். ரோஜாவும் பட்டாம்பூச்சியும் அவருக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லாதவை என்றால் தாராளமாக விட்டுவிடலாம்.

250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) கலர் அட்டை வாங்கினேன். மடித்த இடத்தில் வெள்ளையாக விரிசல் விடுகிறது. மட்டமான அட்டையா?

பெரும்பாலும் அட்டையின் தவறல்ல, மடித்த திசையின் தவறு. தாளில் இழைகள் ஒரு திசையில் ஓடுகின்றன. மடிப்பு அதற்கு இணையாக விழுந்தால் வழவழவென்று மடியும். குறுக்கே விழுந்தால் இழைகள் முறிந்து விரிசல் காணும். தெரிந்துகொள்ள, தாளை மடிக்காமல் எதிரெதிர் ஓரங்களைச் சேர்த்து லேசாக வளைத்துப் பாருங்கள், நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை. எந்த வாக்கில் எளிதாக வளைகிறதோ அதே வாக்கில் மடிக்க வேண்டும்.

ஏ4 தாள் பலவற்றில் இழை 29.7 செ.மீ. பக்கத்துக்கு இணையாக ஓடும். அதனால்தான் முழு ஏ4 அட்டையை இரண்டாக மடித்துப் பெரிய அட்டை செய்தால் விரிசல் விடுகிறது. அதே தாளை முதலில் குறுக்கே பாதியாக வெட்டி, கிடைத்த துண்டை மடித்தால், மடிப்பு இழையோடு போகிறது. ஒரு தாளில் இரண்டு அட்டை, இரண்டும் சுத்தமாக மடியும்.

இதோடு, மடிக்கும் முன் கோடு அழுத்த வேண்டும். ரீஃபில் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் ஸ்கேலும் போதும். கீழே நாலைந்து செய்தித்தாள்களை மெத்தையாகப் போட்டு, லேசான அழுத்தத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். ஒரே இழுப்பில் பலமாக அழுத்தினால் அட்டை கிழியும். அழுத்திய பள்ளம் அட்டையின் வெளிப்பக்கமும், மறுபுறம் எழும் புடைப்பு உள்பக்கமும் வர மடிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; அப்போது வெளிப்பரப்பு கூடுதலாக இழுபட்டு நிறம் பிளக்கும். மேற்பரப்பில் மட்டும் நிறம் அச்சான அட்டை என்றால் இத்தனையும் செய்தாலும் மடிப்பில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியலாம். ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள்: உள்ளேயும் நிறம் இருந்தால் கவலையில்லை.

அட்டையைத் திறந்தால் அம்மாவின் உருவம் எழுந்து நிற்கும்படி செய்தேன். மூடினால் தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. சில சமயம் எழுந்து நிற்பதே இல்லை.

இரண்டு பிரச்சினை, இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது.

மடித்த அட்டையின் மடிப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி 30 மி.மீ. நீளத்தில், ஒன்றுக்கொன்று 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு வெட்டு போட்டு, நடுத்துண்டை உள்ளே தள்ளி ஒரு படி செய்திருப்பீர்கள். அட்டையை நிறுத்தும்போது அந்தப் படியின் முன்முகம் மடிப்பிலிருந்து 30 மி.மீ. தள்ளி நிற்கிறது. மூடும்போது அது முன்பக்கமாகச் சாய்ந்து படுக்கிறது. எனவே உருவத்தின் தலை மடிப்பிலிருந்து எட்டும் தூரம், 30 மி.மீ. கூட்டல் உருவத்தின் உயரம். மடிப்பிலிருந்து திறக்கும் ஓரம் வரை உங்கள் அட்டை 105 மி.மீ. என்றால், உருவம் 75 மி.மீ.க்குள் இருந்தாக வேண்டும். பாதுகாப்புக்கு 70 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் உயரம் வேண்டுமென்றால் வெட்டை 15 மி.மீ. ஆக்கினால் உருவம் 85 மி.மீ. வரை போகலாம், ஆனால் பின்னணியோடு ஒட்டினாற்போல் தெரியும், ஆழம் குறையும். அதோடு, 15 மி.மீ. படி உயரமான உருவத்தைத் தாங்காமல் தொங்கவிடும். உருவத்தை 200 ஜிஎஸ்எம் அட்டையில் வெட்டினால் அது நேராக நிற்கும்.

அடுத்தது, எழுந்து நிற்காத பிரச்சினை. இந்தப் படி வகை உருவம் அட்டையைச் செங்கோணத்தில் திறந்து வைத்தால்தான் நிற்கும். முழுவதுமாக விரித்து மேசையில் படுக்க வைத்தால் படியும் சேர்ந்து தட்டையாகிவிடும். இது உங்கள் பிழையல்ல, அமைப்பே அப்படி. விரித்த நிலையில் நிற்க வேண்டுமென்றால், உருவத்தைத் தனியாக வெட்டி, நடுவில் செங்குத்தாக மடித்து, அடியில் இருபுறமும் 1 செ.மீ. ஒட்டுநாக்கு விட்டு, அட்டையின் மடிப்புக்கு மேல் ‘வி’ வடிவில் ஒட்டுங்கள். இரண்டு நாக்கும் மடிப்போடு ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சற்று விலகினாலும் மூடும்போது உருவம் கசங்கும்.

பசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. படி வகையில் உருவத்தை முன்முகத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். பசை கீழ்மடிப்பைத் தாண்டி ஒரு சொட்டு வழிந்தாலும் அட்டை திறக்காது. இங்கே வெள்ளைப் பசையைவிட டபுள் சைடு டேப் நல்லது. படி வெட்டிய இடத்தில் பின்னால் ஓட்டை தெரியும் என்பதால், வெளியே இன்னொரு அட்டை போர்த்த வேண்டும். அதை ஒட்டும்போதும் படிக்குப் பின்னால் பசை படக்கூடாது.

தையல் கற்றுக்கொடுத்த பாட்டிக்கு நூலால் தைத்த அட்டை தர ஆசை. தைக்கத் தைக்கத் தாள் கிழிந்துபோகிறது.

துணியில் தைப்பதுபோல ஊசியால் நேரடியாகக் குத்தித் தைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாளில் துளைகளை எல்லாம் முதலில் போட்டுவிட வேண்டும். படத்தை ட்ரேசிங் பேப்பரில் வரைந்து அட்டைமேல் மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, கீழே தெர்மாகோல் வைத்து, குண்டூசியால் செங்குத்தாகக் குத்துங்கள். நேர்கோட்டில் துளைக்குத் துளை 5 மி.மீ., வளைவுகளில் 3 மி.மீ. அதைவிட நெருக்கினால் தபால்தலையின் ஓரம் போல அந்த வரியோடு கிழிந்து வரும். கிழிவதற்குப் பொதுவான காரணம் இதுதான்.

அட்டை 250 ஜிஎஸ்எம்முக்குக் குறையக்கூடாது. எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். அதில் இரண்டை மட்டும் பிரித்து எடுங்கள். ஆறையும் சேர்த்து இழுத்தால் துளை அகன்றுவிடும். கோடுகளுக்குப் பின்தையல் பொருந்தும்: ஒரு துளை முன்னே எழுந்து, ஒரு துளை பின்னே இறங்குவது. நூலைத் தாளுக்கு இணையாக இழுக்காமல், தாளிலிருந்து நேர் மேலாக இழுங்கள். பின்பக்கம் முடிச்சு வேண்டாம், முடிச்சின் புடைப்பு முன்னால் தெரியும், 1 செ.மீ. நூலை விட்டு டேப் ஒட்டினால் போதும். கடைசியில் பின்பக்கத்தை மறைக்க, அட்டையைவிட நான்கு பக்கமும் 3 மி.மீ. சிறிய வெள்ளைத் தாளை ஒட்டி, அதில் வாசகத்தை எழுதுங்கள்.

பாட்டிக்கு என்ன படம்? அவர் முதலில் சொல்லிக்கொடுத்த தையல் எதுவோ, அதையே நாலு வரி தைத்துவிடுங்கள். பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடும்.

கோடு போட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. கடைசிச் சொல்லுக்கு இடமே இருப்பதில்லை.

தமிழ் எழுத்து மேலும் கீழும் இடம் கேட்கும். ‘கி’, ‘மீ’ மேலே வளையும். ‘கு’, ‘மூ’, ‘ழு’ கீழே இறங்கும். எழுத்தின் உடல் 5 மி.மீ. என்றால் வரிக்கு வரி 12 மி.மீ. விடுங்கள். 8 மி.மீ. கோடு போட்ட நோட்டின் பழக்கத்தில் எழுதுவதுதான் முட்டக் காரணம்.

இடம் போதாமல் போவதைத் தடுக்க, அட்டை அளவிலேயே வெட்டிய தாளில் முதலில் முழுதும் எழுதிப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘தன்னம்பிக்கை’ ஒன்றே ஒரு வரியில் பாதியை எடுத்துக்கொள்ளும். வரி நடுவில் வர வேண்டுமென்றால், எழுதிப் பார்த்த வரியைப் பட்டையாக வெட்டி, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சேரும்படி மடித்தால் நடுப்புள்ளி கிடைத்துவிடும். அதை அட்டையின் நடுக்கோட்டோடு சேர்த்து வைத்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பேனாவால் எழுதிய பிறகு ஒரு மணி நேரமாவது விட்டுப் பென்சிலை அழியுங்கள். வழவழப்பான அட்டையில் ஜெல் மை காய நேரம் எடுக்கும். அவசரப்பட்டு ரப்பரைத் தேய்த்தால் எல்லாம் இழுபட்டுவிடும்.

எழுத்தை வெட்டி, அந்த இடைவெளி வழியே நிறம் பூசும் ஸ்டென்சில் செய்தால் ‘ண’, ‘ன’ எல்லாம் ஓட்டையாகிவிடுகின்றன.

சுழிக்குள் இருக்கும் துண்டு தனியாக விழுந்துவிடுவதால் வருவது. ஒவ்வொரு சுழியிலும் 2 மி.மீ. அகலப் பாலம் விட்டு வெட்டுங்கள். நிறத்தைத் தூரிகையால் பூசாமல், ஸ்பாஞ்சில் தொட்டு, பழைய தாளில் ஒற்றிவிட்டு மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். ஈரம் அதிகமானால் ஓரத்துக்குள் கசியும்.

காய வைத்த பூக்கள் ஒட்டினேன். ஒரே மாதத்தில் பழுப்பாகிவிட்டன.

ஈரம் முழுதும் போகாமல் ஒட்டியிருக்கிறீர்கள், அல்லது அட்டை வெயில் படும் இடத்தில் இருந்திருக்கிறது. பனியும் நீரும் இல்லாத நேரத்தில் பறித்த, இதழ் மெல்லிய பூக்களைத் தேர்ந்தெடுங்கள். ரோஜா போன்ற தடித்த பூவை முழுதாக அழுத்தினால் நடுவில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். இதழ்களைப் பிரித்துத் தனித்தனியாக அழுத்துங்கள். உறிஞ்சும் தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே நாலைந்து கனமான புத்தகங்கள். முதல் மூன்று நான்கு நாள் தினமும் தாளை மாற்றுவது மிக முக்கியம், பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிறகு இரண்டு மூன்று வாரம் தொடாதீர்கள். எடுத்துப் பார்க்கும்போது இதழ் வளையாமல் தாள்போல விறைப்பாக இருந்தால் தயார்.

ஒட்டுவதற்குப் பல்குத்தும் குச்சி நுனியில் வெள்ளைப் பசை, பூவின் நடுவில் ஒரு புள்ளி, இதழ் ஓரங்களில் ஒன்றிரண்டு. சிவப்பு இதழ்கள் எப்படியும் கறுக்கும், மஞ்சளும் நீலமும் கூடுதல் நாள் நிற்கும். பச்சை இலைகளையும் நம்பலாம்.

அம்மாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை அட்டையில் ஒட்டலாமா?

அசலை ஒட்டாதீர்கள். ஸ்கேன் செய்து, பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு ஒட்டுங்கள். இங்க்ஜெட் அச்சு என்றால் வெள்ளைப் பசையின் ஈரம் பட்டு மை கலையலாம். லேசர் அச்சுக்கு அந்தப் பயம் இல்லை. இரண்டிலும் டபுள் சைடு டேப்பே மேல். படத்தைச் சற்று உயர்த்திக் காட்ட 1 அல்லது 2 மி.மீ. ஃபோம் டேப்பை நான்கு மூலையிலும் நடுவிலும் வையுங்கள். நடுவில் வைக்காவிட்டால் உறைக்குள் அழுத்தம் பட்டுக் குழிந்துவிடும். நீண்ட நாள் இருக்க வேண்டும் என்றால் அமிலமற்ற தாள், அமிலமற்ற டேப் என்று கேட்டு வாங்குங்கள்; சாதாரணத் தாள் சில வருடங்களில் மஞ்சளாகும்.

வாட்டர்கலர் பூசினால் அட்டை நெளிகிறது.

தாள் மெலிது. 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளில், நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிப் பூசி, முழுதும் காய்ந்த பிறகே டேப்பை எடுங்கள். ஏற்கெனவே நெளிந்ததை, பின்பக்கம் ஈரத்துணியால் லேசாக ஒற்றி, இரு சுத்தமான தாள்களுக்கு நடுவில் ஓர் இரவு புத்தகத்தின் அடியில் வைத்தால் பெரும்பாலும் நேராகும். ஓவியத்தைத் தனியாகச் செய்து மடித்த அட்டையின்மேல் ஒட்டுவதுதான் எளிது.

மகளிர் தினத்துக்கென்று தனி நிறம் உண்டா?

ஊதா, பச்சை, வெள்ளை. பிரிட்டனில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மகளிர் சமூக அரசியல் சங்கம் 1908இல் கையாண்ட நிறங்கள் அவை. மஞ்சள் மிமோசா பூவும் பொருத்தம். இத்தாலியில் 1946 முதல் மார்ச் 8 அன்று பெண்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள். மஞ்சள் மணிகளாக, கத்தரித்த கம்பளி நூல் துணுக்குகளை ஒட்டியே அதைச் செய்துவிடலாம். ஆனால் உங்கள் அட்டையைப் பெறுபவருக்குப் பிடித்த நிறம் வேறு என்றால், அதுவே சரியான நிறம்.

அச்சடித்த அட்டை அழகாகவே கிடைக்கிறதே, ஏன் இவ்வளவு சிரமம்?

அழகில் போட்டி போட வேண்டியதே இல்லை. அமெரிக்காவில் 1908இல் அன்னையர் தின வழிபாட்டை நடத்திக்காட்டி, 1914இல் அது அரசு அறிவித்த நாளாகும் வரை உழைத்தவர் ஆனா ஜார்விஸ். அதே பெண்மணி பிற்காலத்தில் அந்த நாள் வியாபாரமானதைக் கடுமையாக எதிர்த்தார். அச்சடித்த அட்டையை வாங்கி அனுப்புவதைவிட அம்மாவுக்கு உங்கள் கைப்பட எழுதுங்கள் என்பதே அவர் நிலை. நேரம் இல்லையென்றால் வெள்ளை அட்டையை மடித்து, படம் ஏதும் இல்லாமல், முதல் கேள்வியில் சொன்ன இரண்டு வாக்கியங்களை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

பாட்டிக்குப் பார்வை மங்கல். என்ன செய்யலாம்?

எழுத்தின் உடல் 8 மி.மீ.க்குக் குறையாமல், 1 மி.மீ. அல்லது அதைவிடத் தடித்த கறுப்புப் பேனாவில், பளபளக்காத வெளிர் மஞ்சள் தாளில் எழுதுங்கள். படத்தின்மேல் எழுத்து வேண்டாம். கிளிட்டர், வெள்ளி மை இரண்டும் வெளிச்சத்தில் கூசும். இந்த அளவில் ஒரு பக்கத்துக்கு 12 சொல்தான் வரும், அதனால் அட்டையைப் பெரிதாக்குங்கள். முகப்பில் பின்னல் நூல், துணி, பொத்தான் என்று தடவிப் பார்த்தால் தெரியும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

ஓய்வு பெறும் ஆசிரியைக்கு வகுப்பில் 30 பேரும் சேர்ந்து ஓர் அட்டை. எல்லோரும் எழுத இடம் எப்படி?

ஒரே அட்டையைச் சுற்றுக்கு விடாதீர்கள். ஒருவர் பிழை செய்தாலும் எல்லாம் போய்விடும், முதலில் எழுதுபவர் பாதி இடத்தை எடுத்துக்கொள்வார். ஆளுக்கு 4.3 x 6.5 செ.மீ. துண்டுத்தாள் கொடுத்து எழுதி வாங்கி, விசிறி மடிப்பு அட்டையில் ஒட்டுங்கள்.

மூன்று ஏ4 தாள் (160 ஜிஎஸ்எம்) எடுத்து, ஒவ்வொன்றையும் 29.7 x 14.8 செ.மீ. பட்டையாக வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் 9.5 செ.மீ. அகலத்தில் மூன்று பக்கம் போக, மீதி 1.2 செ.மீ. ஒட்டுநாக்கு. மூன்றையும் இணைத்தால் ஒன்பது பக்கம். முதல் பக்கம் தலைப்புக்கு, மற்ற எட்டில் பக்கத்துக்கு நான்கு துண்டு. 32 இடம் கிடைக்கும், இரண்டில் வகுப்புப் படமும் தேதியும் வைக்கலாம். இங்கே மடிப்பு இழைக்குக் குறுக்கே விழ வாய்ப்பு அதிகம், எனவே எல்லா மடிப்பிலும் கோடு அழுத்துவதைத் தவற விடாதீர்கள். துண்டுகளுக்கு குளூ ஸ்டிக் போதும். நீர்ப்பசை வேண்டாம், பட்டை முழுதும் சுருளும். முன்னும் பின்னும் தடித்த அட்டை ஒட்டி, 60 செ.மீ. ரிப்பனால் கட்டிவிடுங்கள்.

மாணவர்களிடம் ‘வாழ்த்து எழுது’ என்று சொன்னால் 30 துண்டிலும் ஒரே வரி வரும். ‘டீச்சர் வகுப்பில் சொன்ன எது இன்னும் நினைவிருக்கிறது?’ என்று கேளுங்கள்.

சதுர அட்டைக்கு உறை கிடைப்பதில்லை.

13 செ.மீ. சதுர அட்டை என்றால் ஒரே ஏ4 தாளில் உறை வந்துவிடும். தாளை 21 செ.மீ. சதுரமாக வெட்டி, நடுவில் 13.5 செ.மீ. சதுரத்தை மூலைவாட்டமாக வரைந்து, நான்கு பக்கமும் கோடு அழுத்துங்கள். மடித்தால் நான்கு முனையும் நடுவைத் தாண்டி 1 செ.மீ.க்குச் சற்று மேல் ஏறும், ஒட்டுவதற்கு அது போதும். உள்சதுரத்தின் நான்கு மூலைக்கும் வெளியே மிஞ்சும் சிறு முக்கோணங்களை மடிக்கும் முன் கத்தரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூலைகள் தடித்து உப்பும். இடம், வலம், கீழ் என்ற வரிசையில் மடித்து, இடமும் வலமும் கீழ்மடலோடு சேரும் இடத்தில் மட்டும் பசை தடவுங்கள்.

தபாலில் அனுப்புவதானால் பொத்தான், மணி, தடித்த ரிப்பன் முடிச்சு எதுவும் உறையில் புடைக்கக்கூடாது. இயந்திரத்தில் சிக்கிக் கிழியும். அப்படிப்பட்ட அட்டையை, அதே அளவில் வெட்டிய இன்னொரு தடித்த அட்டையை மேலே வைத்து, பெரிய உறைக்குள் போட்டு அனுப்புங்கள். உறையில் முகவரியை ஜெல் பேனாவால் எழுத வேண்டாம், மழை பட்டால் பல ஜெல் மைகள் கரையும். சாதாரண பால்பாயிண்ட் பேனாவே போதும்.